மச்சான் தலைக்கு ஒரு தொப்பி

புது நூல் உருண்டையைப் பிரித்தால் ஒரு வாசனை வரும்... கஞ்சி போட்ட புதுத் துணி மாதிரி. 2007ஐ நினைத்தால் எனக்கு முதலில் அந்த வாசனைதான் வருகிறது.

அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். அதில் நாற்பது நாள்தான் அவர் என்னோடு இருந்தார். பிறகு சவுதிக்குப் பயணம் போய்விட்டார். சிதம்பரத்தில் மூன்று தங்கச்சிகளோடு சண்டையும் சத்தமுமாக வளர்ந்தவள் நான். கடலூர் முதுநகரில் ஒரு நீள வீட்டில் நானும் மாமியாரும் மட்டும் என்று ஆகிப்போனது.

மாமி தங்கமானவர். ஆனால் பேச்சு கிடையாது. "சோறு ஆச்சா?", "கதவ சாத்திட்டியா?" ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அவர் போன் செய்வார். மற்ற ஆறு நாளும் அந்தப் போனுக்காகத்தான் நகர்ந்தது.

கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும். அம்மா வீட்டுக்குப் போனபோது சிதம்பரம் கீழவீதியில் ஒரு குரோஷா ஊசியும் வெள்ளை நூலும் வாங்கிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் கற்றது, கை மறக்கவில்லை. குக்கர் மூன்று விசில் வருவதற்குள் ஒரு சுற்று முடித்துவிடுவேன். கரண்ட் போனால் ஜன்னலோரம் இரண்டு சுற்று. சிதம்பரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஆலப்பாக்கம் வருவதற்குள் நாலு சுற்று... குலுக்கலில் ஊசி எத்தனை முறை விரலில் குத்தியது என்று கேட்காதீர்கள்.

டிவிக்கு விரிப்பு, போனுக்கு உறை, குடத்துக்கு மூடி... வீட்டில் அசையாமல் இருந்த எல்லாவற்றுக்கும் பின்னிப் போட்டாயிற்று.

நோன்பு நெருங்கியது. பெருநாள் தொழுகைக்கு அவர் என் கையால் பின்னிய தொப்பியைப் போட வேண்டும் என்று ஆசை வந்தது. நூலைப் பிரித்து ஊசியையும் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

அளவு?

அவர் தலை எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியவில்லை. குரல் தெரியும், நடை தெரியும். தலை? கண்ணை மூடி யோசித்தேன், கையை வட்டமாக வைத்துப் பார்த்தேன். வரவில்லை. கட்டிய புருஷன் தலை அளவு தெரியாதவள் என்று என் மேலேயே எனக்குக் கோபம். அவரிடம் கேட்கலாம்தான். ஆனால் கேட்டால், எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். மாமியிடம் கேட்கவும் வெட்கம்.

பீரோவில் அவர் சட்டைகளுக்கு அடியில் ஒரு பழைய தொப்பி இருந்தது. தேங்காயெண்ணெய் வாசம் லேசாக அடித்தது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குச் சரியாக ஒரு சின்ன குண்டான் சமையல்கட்டில் அகப்பட்டது. அந்தக் குண்டான் அளவுக்கே பின்னினேன். சோற்றுக் கஞ்சியில் முக்கி, குண்டானைக் கவிழ்த்து அதன் மேலேயே காய வைத்தேன். விறைப்பாக, அழகாக வந்தது.

எங்கள் பக்கம் யாராவது பயணம் போகிறார்கள் என்றால், ஊரே பொட்டலத்தோடு அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும். அடுத்த தெருக்காரர் ஒருவர் போனார். அரை கிலோவுக்கு மேல் யாரிடமும் வாங்கவில்லை. என் தொப்பிக்கு எடையே கிடையாது. சிரித்துக்கொண்டே வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

அந்தத் தெருக்காரர் சவுதி போய்ச் சேர்ந்த மறுநாள், மாமி பீரோவைத் திறந்து துணி அடுக்கும்போது அந்தப் பழைய தொப்பி வெளியே கிடந்ததைப் பார்த்துவிட்டார்.

"இத யாரு எடுத்தா? இது ஒங்க மாமாவோடதும்மா. அவுங்களுக்குத் தல பெருசு. எங்க போனாலும் சொல்லித்தான் வாங்கணும்."

மாமா என் கல்யாணத்துக்கு முன்னாடியே மவுத்தாகிவிட்டவர். நான் முகர்ந்து முகர்ந்து பின்னியது, பார்த்தேயிராத மாமனார் தலைக்கு! சிரிப்பு வர வேண்டிய விஷயம். குளியலறைக்குள் போய் அழுதேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"தொப்பி வந்துச்சா மச்சான்?"

"வந்துச்சு. அளவெடுத்த மாதிரி கரெக்ட்டா இருக்கு புள்ள. எல்லாரும் யாரு பின்னுனதுன்னு கேக்குறாங்க."

எனக்குப் போன உயிர் வந்தது. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே தலைதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

2009இல் முதல் லீவுக்கு வந்தார். பெட்டியிலிருந்த துணியைத் துவைக்க எடுத்தபோது தொப்பி கையில் வந்தது. பின்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துக் கறுப்பு நூலால் தைத்திருந்தது. கோணல்மாணலாக... ஊசி பிடித்துப் பழக்கமில்லாத கை. இரண்டு வருஷம் அதைத்தான் போட்டிருக்கிறார். துவைத்துக் காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது ஒரு நூலை மெதுவாகத் தலையைச் சுற்றி வைத்து, முடிச்சுப் போட்டு அளவெடுத்துக்கொண்டேன்.

அந்த நூல் இன்றும் என் ஊசி டப்பாவில் இருக்கிறது. வருஷம் ஒரு தொப்பி, அந்த முடிச்சு அளவில்தான். மாமி இப்போது இல்லை. மகள் ஹாஸ்டலில். வீடு இன்னும் நீளமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, தினமும் வீடியோ காலில் முகம் தெரிகிறது.

போன வாரம் அவரே சொன்னார்.

"தொப்பி லூசா இருக்கு புள்ள. முடியெல்லாம் கொட்டிப்போச்சு, ஆளும் எளச்சிட்டேன்ல."

அன்று பொய் சொன்ன மனுஷன் இன்று உண்மையைச் சொல்கிறார். இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்கு நெருங்கிவிட்டோம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அப்ப புது அளவு எடுக்கணுமே. எப்ப வர்றீங்க மச்சான்?"

"பாப்போம்..."

போனை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தேன். பழைய முடிச்சை அவிழ்த்துவிட்டேன். புதுசை எந்த இடத்தில் போடுவது என்றுதான் தெரியவில்லை.