இண்டூருக்குப் போன ஒற்றர்கள்

நான் படித்த நாவலில் ஒற்றன் ஒரு சாதாரண ஆள். எதிரே உட்கார்ந்து பேசியவருக்கே மறுநாள் அவன் முகம் நினைவிருக்காது. அதுதான் அவன் பிழைப்பு. படமாக எடுத்தவர்களோ அந்த வேடத்துக்கு ஆறடி நாயகனைப் போட்டார்கள். அவன் ஒளிந்து நுழையும் இடத்திலெல்லாம் இசை முழங்கியது, தருமபுரி தியேட்டரில் விசில் பறந்தது. என் அக்கா கணவருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. "கதையைப் படிச்சவனுக்குத்தான் மாமா நுணுக்கம் தெரியும்" என்று பஸ் ஏறும்வரை அவரை வாட்டினேன்.

மறுவாரம் அக்கா மகளுக்குப் பார்த்த பையனைப் பற்றி ரகசியமாக விசாரிக்க இருவரும் இண்டூர் போனோம். மாமா கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார். டீக்கடைக்காரர் பார்த்ததுமே கேட்டார்: "பையன் வூட்டப் பத்தி விசாரிக்க வந்தீங்களாங்க?"

நான் மாமாவை முறைத்தேன். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்து, "எந்த ஊருங்க?" என்றார். பேச்சுவாக்கில் மாமாவின் குடிப்பழக்கம்வரை அவரிடம் கொட்டிவிட்டேன்.

இரண்டு நாளில் தரகர் போன் செய்தார். "அவங்க வேணாம்னுட்டாங்க. பேப்பர் படிச்சவருதான் பையனோட அப்பாங்க."

அந்த முகத்தை இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். மீசை இருந்ததா என்பதுகூட நினைவில் இல்லை.