முந்திரித் தோப்பில் எனக்கு முன்னால் போன தடம்

புதுச்சேரியில் மலை கிடையாது. மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறவள் என்று என்னைப் பற்றிச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு "பீச்சுல ஓட்டுவீங்களா?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். வீடு மூலக்குளத்தில். வேலை மேட்டுப்பாளையத்தில், மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனி ஒன்றில். வரிசையாக ஓடிவரும் மூடிகளில் விரிசல் இருப்பதைப் பார்த்து எடுத்துத் தள்ளுவது என் பொறுப்பு. தலைமுடி அளவு விரிசலும் என் கண்ணுக்குத் தப்பாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

கம்பெனிகளைத் தாண்டி வடக்கே போனால் தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்கும். முந்திரித் தோப்புகள், நடுநடுவே மழைத் தண்ணீர் அறுத்துப்போட்ட ஓடைகள். சில ஓடைகள் இரண்டு ஆள் ஆழம் இறங்கும். எனக்கு அதுதான் மலை. ஒரு பழைய மதகில் தொடங்கி, தோப்பைச் சுற்றி, மூன்று ஓடைகளில் இறங்கி ஏறி, அதே மதகில் வந்து முடியும் ஒரு வழியை நானே ஓட்டி ஓட்டி உண்டாக்கி வைத்திருந்தேன். ஏழு கிலோமீட்டர். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவில் என் வாழ்க்கை அந்த ஏழு கிலோமீட்டர்தான். வேலை நாளில் விடியும்போது ஒரு சுற்று, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் நான்கு சுற்று.

அந்த வருடம் முதல் மழை பெய்த மறுநாள் விழுந்தேன். ஈரமான முந்திரி வேர் ஒன்றில் முன் சக்கரம் வழுக்கி, கைப்பிடிக்கு மேலாகப் பறந்து, பின்மண்டை கெட்டியான செம்பாறையில் மோதியது. சைக்கிள் பந்தயக்காரர்களிடம் ஒரு கிறுக்குப் பழக்கம் இருக்கிறது. விழுந்து எழுந்ததும் முதலில் உடம்பைப் பார்க்க மாட்டோம், வண்டியைத்தான் பார்ப்போம். சக்கரம் கோணியிருக்கிறதா, கியர் வளைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். வண்டிக்கு ஒன்றும் இல்லையென்றால் நமக்கும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். கம்பெனியில் அப்படி ஒரு மூடி வந்திருந்தால் யோசிக்காமல் தள்ளியிருப்பேன். ஹெல்மெட்டைத் தள்ளவில்லை. விரிசலின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினேன்.

அதற்குக் காரணம் என் கணவர். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அதற்கு முந்தைய வருடம் எனக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தபோது, வீட்டு மாதா படத்துக்கு முன்னால் நிற்கவைத்து என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"கை கால் உடஞ்சா கட்டுப் போட்டுக்கலாம். தலையில மட்டும் ஒரு அடி பட்டுச்சுன்னா அன்னிக்கே சைக்கிள வித்துடணும். எங்கிட்ட மறைக்கக் கூடாது."

அடுத்த பந்தயத்துக்கு ஏழு வாரம்தான் இருந்தது. போன தடவை ஒரு பெண் கடைசி இறக்கத்தில் என்னை முந்திப் போயிருந்தாள். அந்த எரிச்சல் எனக்குள் ஆறவே இல்லை. சேற்றை முடிந்தவரை துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கணவர் கேட்டார்:

"இன்னாம்மா, ஒரே சேறா வந்து நிக்கிற? வுழுந்துட்டியா?"

"மழை பேஞ்சா சேறாவாதா?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

பிறகு தலை வலித்தது. மாத்திரை போட்டால் அடங்கும், மறுநாள் மறுபடி வரும். மழைக்காலத்தில் யாருக்குத்தான் தலை வலிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் விடிகாலையில் அந்தத் தடத்தைப் பார்த்தேன்.

தோப்பு வழியில் அன்றைக்கு முதலில் போகிறவருக்கு ஒரு தண்டனை உண்டு. இரவெல்லாம் சிலந்திகள் மரத்துக்கு மரம் வலை கட்டி வைத்திருக்கும். முதல் ஆள் அதையெல்லாம் முகத்தால் அறுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த வழியில் என்னைத் தவிர வேறு யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை என்பதால் தினமும் வலை தின்பவள் நான்தான். அன்றைக்கு மதகைத் தாண்டி உள்ளே நுழைந்தபோது முகத்தில் எதுவும் படவில்லை. வலைகள் எல்லாம் அறுந்து இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே ஈரமண்ணில் ஒரு சைக்கிள் தடம். அப்போதுதான் போயிருக்க வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

இறங்கி உட்கார்ந்து பார்த்தேன். டயரின் அச்சு என் டயரின் அச்சேதான். வேருக்கு இடப்பக்கம் நான் எப்படி ஒதுங்குவேனோ அப்படி ஒதுங்கியிருந்தது. ஓடையில் இறங்கும்போது நான் எங்கே பிரேக் பிடிப்பேனோ அங்கே மண் சறுக்கியிருந்தது. தார் ரோட்டிலிருந்து மதகுவரை வரும் பாதையில் மட்டும் ஒரே ஒரு தடம்தான் இருந்தது, அது என்னுடையது. அப்படியானால் இவள் எந்த வழியாக உள்ளே வந்தாள்?

இவள் என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. ஆனால் நினைத்தவுடன் முகமும் வந்துவிட்டது. போன தடவை என்னை முந்தியவள். என்ன டயர் போடுகிறேன் என்று பந்தயம் முடிந்ததும் என்னிடம் கேட்டிருந்தாள், நானும் வள்ளல் மாதிரி சொல்லியிருந்தேன். என் வழியையே திருட வந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். எங்கிருந்தோ ஒருத்தி விடியுமுன் புதுச்சேரிக்கு வந்து முந்திரித் தோப்பில் எதற்கு ஓட்டப்போகிறாள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பந்தயக்காரிக்கு எல்லாமே போட்டிதான்.

வேகமாக மிதித்தேன். எனக்கு முன்னால் எங்கோ மயில் ஒன்று கத்தியது, யாரோ பக்கத்தில் போனதும் பயந்து கத்துவது போல. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் முதுகு தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். சுற்று முடிந்து மதகுக்கு வந்தும் ஆள் இல்லை. கழுத்தில் ஏதோ அரித்தது. தொட்டுப் பார்த்தால் சிலந்தி இழை. வலையே இல்லாத வழியில் வந்த எனக்கு இழை எப்படி ஒட்டியது என்று ஒரு கணம் திகைத்தேன். அன்றைக்கு வேலைக்கும் தாமதம். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "தண்ணி பாட்டிலப் பாதிதான் ரொப்பினீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாளும் தடம் இருந்தது. அதற்கு அடுத்த நாள் இல்லை. பிறகு தொடர்ந்து நான்கு நாள் இருந்தது. நான் அரை மணி நேரம் முன்னால் கிளம்பினேன். அவளும் அரை மணி முன்னால் வந்திருந்தாள். நேரம், தூரம், ஓட்டிய வழி எல்லாம் காட்டும் மீட்டர் ஒன்று கைப்பிடியில் இருந்தது, ஆனால் அதைப் பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை. பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் எண்களைப் பார்த்தால் கால் பயந்துவிடும் என்று திரையின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவது என் வழக்கம்.

இரண்டாவது ஓடைக்கு மேலே ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் இருந்தார். தினமும் கை காட்டுவார், நானும் தலையாட்டிவிட்டுப் போவேன். அந்த வாரம் ஒரு நாள் கை காட்டவில்லை. ஆட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றார்.

"இன்னாம்மா, இப்பத்தான போன? அதுக்குள்ள மறுபடியும் வர்ற?"

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, "அது வேற பொண்ணும்மா. எப்படி இருந்தா?" என்று கேட்டேன்.

"ஒன்ன மாதிரியேதான் இருந்துச்சு. இதே மஞ்ச சட்ட. கூப்ட்டேன், காதுலயே வாங்கல" என்றார். கூடவே நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்று பார்ப்பவர் போல என் நெற்றியைப் பார்த்தார். "கார்த்திகை மாசம் இங்கல்லாம் தனியா சுத்தாத தாயி."

மஞ்சள் சட்டையையும் காப்பியடித்துவிட்டாளா என்று வந்த கோபத்தில் என் பயம் ஒதுங்கிக்கொண்டது. இப்போது நினைத்தால் அந்தக் கோபத்தை எண்ணித்தான் பயமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ஒரு காரியம் செய்தேன். மதகுக்கு அடுத்த இரண்டு முந்திரி மரங்களுக்கு நடுவே, வழிக்குக் குறுக்கே, கைப்பிடி உயரத்தில் வெள்ளைத் தையல் நூல் ஒன்றைக் கட்டினேன். யாரையும் விழவைக்க அல்ல, தொட்டாலே அறுந்துவிடும். எனக்கு முன்னால் ஒருத்தி போகிறாள் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சிலந்தியை நம்பாமல் நானே சிலந்தி ஆனேன்.

மறுநாள் விடிகாலையில் மதகில் சைக்கிளை நிறுத்தி உள்ளே பார்த்தேன். நூல் அறுந்திருந்தது. இடப்பக்க மரத்தில் ஒரு துண்டு தொங்கியது. இன்னொரு துண்டைக் காணவில்லை. கீழே தடம்.

வெறி பிடித்தவள் போல ஓட்டினேன். முதல் ஓடை, இரண்டாவது ஓடை. ஆட்டுக்கார அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது ஓடையின் அடியில் மூச்சு வாங்க வண்டியை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர், மேலே கொஞ்சம் வானம். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. பிரேக்கிலிருந்து விரலை எடுத்தபோது விரலில் ஏதோ சிக்கியது.

வெள்ளை நூல். என் பிரேக் பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. நூலை அறுத்தவள் நான். வலையை அறுத்தவளும், பாட்டில் தண்ணீரைக் குடித்தவளும், ஆட்டுக்கார அம்மா கூப்பிட்டுக் காதில் வாங்காதவளும் நானே. ஒரு சுற்று ஓட்டிவிட்டு மதகில் இளைப்பாறுகிறேன். இளைப்பாறும்போது அந்தச் சுற்று என்னிடமிருந்து போய்விடுகிறது. அப்போதுதான் வந்தவள் போல மறுபடியும் கிளம்புகிறேன். இத்தனை நாளும் நான் துரத்தியது என்னையேதான்.

நிச்சயம் செய்துகொள்ள மீட்டரின் டேப்பை உரிக்கப் போனேன். திரையில் டேப் இல்லை. அது ஏற்கெனவே உரிக்கப்பட்டு என் முழங்காலில் ஒட்டியிருந்தது. ஒட்டியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. திரையில் என் வழி ஒரு கோடாகத் தெரிந்தது. ஒரு முழுச் சுற்று, அதன் மேலேயே இன்னொரு முக்கால் சுற்று. ஆறு மணிகூட ஆகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மணி ஏழரை.

போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டேன். பயத்தில் அழுகை வந்துவிட்டது. சத்தியத்தை மீறியது, ஹெல்மெட் விரிசல், ஸ்டிக்கர், தலைவலி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னார்:

"தெரியும்மா. சொல்லிட்ட. இப்பத்தான் சொன்ன, கால் மணி நேரம் முன்னாடி. நான் மேட்டுப்பாளையம் தாண்டி வந்துட்டேன். சைக்கிள் மேல ஏறாத. அங்கியே ஒக்காந்திரு."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலையில் அவருக்கு நான் செய்த அழைப்புகள், இதோடு சேர்த்து, மூன்று இருந்தன. அந்த நூலை நான் மூன்று தடவை கண்டுபிடித்திருக்கிறேன்.

மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஏறிவிடக் கூடாது என்று சைக்கிளைத் தள்ளிப் படுக்கவைத்தேன். எழுந்தால் எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்பதும் போய்விடுமோ என்று அந்த நூலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆட்டுக்கார அம்மா வழி காட்ட, என் கணவர் ஓடையில் இறங்கி வந்தார். குறுக்கே கிடந்த சைக்கிளைத் தாண்டி வந்தார், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மண்டைக்குள் ரத்தம் கசிந்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கியிருந்தது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். துளை போட்டு எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பந்தயம் நான் இல்லாமல் நடந்து முடிந்தது. சைக்கிளை நானே விற்கச் சொன்னேன்.

தையல் பிரித்த அன்று, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

அவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்: "சொன்னியே. அன்னிக்கு மூணு தடவ போன் பண்ண. மூணு தடவையும் எடுத்த எடுப்புல, 'பயப்படாதீங்க, சைக்கிளுக்கு ஒண்ணும் ஆவல'ன்னுதான் ஆரம்பிச்ச."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.