கிராணி, கிச்சாப், சீனி

செமோரில் இருக்கும் சன்னாசியின் வீட்டுக்கு முதலில் வந்தது கிராணிதான். அப்போது சன்னாசிக்கு இரண்டு காலும் இருந்தன. லகாட் பக்கத்துக் குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றும் லோரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் லோரியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கியவருக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. குனிந்து பார்த்தால், ஸ்பேர் டயரின் குழிக்குள் சாம்பல் நிறப் பூனை ஒன்று உடம்பெல்லாம் கல்தூசியோடு உட்கார்ந்திருந்தது. இறங்கி வந்து நேராக வீட்டுக்குள் போனது. முன்னறை, படுக்கையறை, குசினி என்று ஒவ்வோர் இடமாக நின்று நின்று பார்த்தது. அரிசிப் பானையை முகர்ந்தது. கடைசியில் அவர் மனைவி துளசியின் முன்னால் வந்து நின்று, ஏதோ குறை கண்டுபிடித்தாற்போல் ஒருமுறை கத்தியது.

"சரியான கிராணி லா இது" என்றார் சன்னாசி. அவர் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் தொழிலாளர்கள் வரிசையில் நிற்கும் பெரட்டில் ஆள் எண்ணுவதைச் சின்ன வயதில் பார்த்தவர். பூனையும் தினமும் அதே வேலையைத்தான் செய்தது. துளசி சாமி விளக்கை ஏற்றியதும் வீட்டைச் சுற்றிவரும். யாராவது இன்னும் படுத்திருந்தால் கட்டிலில் ஏறி, நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு கன்னத்தில் தட்டும். அந்த நபர் எழுந்து உட்காரும்வரை விடாது.

"ஏந்திரு துளசி, பெரட்டுக்கு ஆளு கொறையுதாம்."

"நாந்தான் ஏந்திரிச்சிட்டேனே. ஒங்களத்தான் கூப்புடுது."

கிச்சாப் வந்தது துளசியின் மூலம். தொழிற்சாலைக் கேன்டீனில் அவள் சமையல் வேலை செய்தாள். அங்கே கிச்சாப் என்கிற கறுப்புச் சோயா சாற்றுப் போத்தல்கள் வந்த அட்டைப்பெட்டிக்குள் அந்தக் கறுப்புக் குட்டி கிடந்தது. வளர்ந்து பெரிய திருடனானது. பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து பொரித்த மீனைக் கவ்விக்கொண்டு சுவரேறி வரும். வந்து, தின்பதற்கு முன்னால் சன்னாசியின் செருப்பில் மீனை வைத்துவிட்டு, பங்கு கேட்பவனைப் போல அவர் முகத்தைப் பார்க்கும். ஒருநாள் காலியான மைலோ டின்னுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டது. டின்னோடு பின்னாலேயே நடந்து, சோபாவில் இடித்து, கதவில் இடித்து, சாமி மேடையில் ஏறி விபூதித் தட்டைக் கவிழ்த்தது. சன்னாசி டின்னை உருவி எடுத்தபோது கிச்சாப்பின் கறுப்பு உடம்பு முழுக்கத் திருநீறு. "பண்டாரம் வந்துருக்காரு, காணிக்கை போடு துளசி" என்றார். துளசிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அந்த வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கொஞ்ச காலம் சிரிப்பு கேட்கவில்லை.

சன்னாசிக்கு இனிப்பு நீர் வந்து நெடுநாளாகியிருந்தது. மாத்திரையை லோரியிலேயே வைத்திருந்தார். சில நாள் போடுவார், சில நாள் மறப்பார். குவாரியில் ஒரு கல்சில்லு செருப்பைத் துளைத்து வலது காலில் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. பாதத்தில் உணர்ச்சி போயிருந்தது. புண் கறுத்து, ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனபோது முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்த மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். துளசி காலையில் வேலைக்குப் போகும்போது எந்த நாற்காலியில் இருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதிலேயே இருந்தார். மூடிவைத்த சோறு மூடியபடியே இருக்கும். ஒரே மகள் தினேஸ்வரி கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை பார்த்து அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அப்பாவின் முன்னால் உட்காருவாள். அவர் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். செயற்கைக்கால் ஒன்று செய்து கொடுத்தார்கள். ஒருமுறை மாட்டிப் பார்த்து, வலிக்கிறது என்று கழற்றி அலமாரிப் பக்கம் சாய்த்து வைத்ததோடு சரி.

பெருமழை பெய்த ஒரு மத்தியானத்தில் வாசல் லோங்காங் சாக்கடையில் தண்ணீரோடு ஒரு வெள்ளைக் குட்டி அடித்துக்கொண்டு வந்தது. ஊன்றுகோலை நீட்டி அதை எடுத்தவர் சன்னாசி. எப்படி வாசல்வரை போனார், எப்படிக் குனிந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. துளசி வந்து பார்த்தபோது மடியில் துண்டு, துண்டுக்குள் குட்டி.

"இன்னொன்னாங்க?"

"வீட்டுல சீனியே இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்தச் சீனியாச்சும் இருந்துட்டுப் போவட்டும் லா."

பல வாரங்களுக்குப் பிறகு அவர் முழுசாகப் பேசிய பேச்சு அது. துளசி பால் காய்ச்சப் போனாள்.

சீனி படுக்க இடம் தேடி, கடைசியில் தேர்ந்தெடுத்தது செயற்கைக்காலின் மேல்வாயை. உள்ளே மெத்தென்று துணி வைத்திருந்த அந்தக் கிண்ணத்தில் சுருண்டு படுத்துக்கொள்ளும். இரண்டு காது மட்டும் வெளியே தெரியும். "இன்னிக்காவது மாட்டி நடந்து பாருங்களேன்" என்று துளசி கேட்டால், சன்னாசி உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார். "புள்ள தூங்குது. எழுப்பச் சொல்றியா?"

சன்னாசிக்கும் சீனிக்கும் பிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. சன்னாசி கட்டிலில் சாய்ந்துகொண்டு போர்வைக்கு அடியில் இடது கால் கட்டைவிரலை அசைப்பார். சீனி கட்டிலின் மறுமுனையில் பதுங்கும். காது பின்னால் போகும், பின்பக்கம் ஆடும். பிறகு ஒரே பாய்ச்சல். கடித்து, முன்னங்கால்களால் அணைத்து, பின்னங்கால்களால் படபடவென்று உதைக்கும். சன்னாசி கண்ணில் நீர் வரச் சிரிப்பார். கிராணி அலமாரி மேலிருந்து இதையெல்லாம் அருவருப்போடு பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிறன்று தினேஸ்வரி இதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, மிச்சம் இருக்கறது ஒரு காலு. ஒரு கீறல் கூட படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"அது நகத்த வைக்காதும்மா. வெளையாட்டுக்குத்தான்."

"ஒங்களுக்குத்தான் ஒன்னும் தெரியாதே ப்பா! கடிச்சா கூட தெரியாது. அம்மா, கேட்டுக்குங்க. இதுக்கு மேல ஒரு தடவ பாத்தேன், மூணையும் யாருக்காச்சும் குடுத்துருவேன்."

அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. துளசியும் அதையேதான் சொன்னாள். அன்றிலிருந்து அம்மாவும் மகளும் இருக்கும்போது சன்னாசி விளையாடவில்லை. துளசி வேலைக்குப் போன பிறகுதான்.

என்றைக்குக் கடித்தது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே போர்வையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சின்னதாய் இரண்டு பல் பட்டிருந்தது. பிளாஸ்டர் ஒட்டி, லோரி ஓட்டிய காலத்துச் சாக்ஸ் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். ஈப்போ வெயிலில் வீட்டுக்குள் சாக்ஸ் எதற்கு என்று துளசி கேட்டாள்.

"கால் குளிருது."

துளசிக்கு அன்று இரண்டு ஆள் வேலை. கேன்டீனில் உடனிருந்தவள் வேலையை விட்டு நின்றுவிட்டிருந்தாள். நின்றபடியே சோற்றைத் தின்றுவிட்டு, குளித்துப் படுத்தால் போதும் என்றிருந்தது. குளிருகிறதாம், போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

சில நாளில் படுக்கையறையில் ஒரு வாடை வந்தது. கிச்சாப் எலியைக் கொண்டுவந்து எங்கோ போட்டிருக்கிறது என்று நினைத்தாள் துளசி. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். அலமாரியை இழுத்து, பின்னால் கூட்டினாள். தரையைக் குளோரோக்ஸ் ஊற்றிக் கழுவினாள். கிச்சாப்பை விளக்குமாற்றால் ஓர் அடி அடித்து வெளியே விரட்டினாள். சன்னாசி கட்டிலில் இருந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன அடிக்காத, பாவம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. பல் கிட்டியிருந்தது. துணி நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டே வந்தவள், சாக்ஸைக் கழற்றப்போனாள். அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது.

துளசி கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"சீனியா?"

"தகரத்துல இடிச்சிக்கிட்டேன்."

"வீட்டுல ஏதுங்க தகரம்?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "சொன்னா சீனிய அனுப்பிருவீங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். இடது காலைத் தொடையோடு எடுத்தார்கள். எடுத்தும் காய்ச்சல் முழுசாக இறங்கவில்லை. டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது சன்னாசி தகரம் என்றே சொன்னார். பக்கத்தில் நின்ற துளசியும் தலையாட்டினாள்.

அன்று மத்தியானம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் மூன்றும் ஓடிவந்தன. சாப்பாடு வைத்துவிட்டு, துணியை மடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து சீனியின் வெள்ளைக் கை நீண்டு அவள் கட்டைவிரலைத் தட்டியது. மறுபடி ஒளிந்துகொண்டது. மறுபடி தட்டியது.

துளசி காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, பாசாருக்குக் கொண்டுபோகும் மூடிபோட்ட கூடையை எடுத்துவந்தாள். சீனிக்குக் கூடை என்றால் உயிர். தானாகவே உள்ளே குதித்து, மூடியின் ஓட்டை வழியாக விரலைப் பிடிக்கப் பார்த்தது.

மோட்டார் சைக்கிளில் லகாட்வரை போனாள். பக்கத்தில் விட்டால் திரும்பி வந்துவிடும். பாசார் முடியும் நேரம். மீன்கடைப் பக்கம் நாலைந்து பூனைகள் திரிந்தன. கூடையைச் சாய்த்தாள். சீனி வெளியே வந்து, ஈரத்தரையில் பாதத்தை உதறிக்கொண்டு, ஓர் இறால் தலையைக் கண்டதும் அதைத் தட்டித் தட்டி உருட்ட ஆரம்பித்தது. மோட்டாரைக் கிளப்பிய துளசி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அது விளையாட்டில் இருந்தது.

வார்டில் சன்னாசிக்குக் கொஞ்சம் தெளிவு வந்த நாளில் அவர் கேட்டது பூனைகளைத்தான்.

"கிராணி பெரட்டு எடுக்கறானா?"

"தெனமும். ஒங்க கட்டுல்ல ஏறிப் பாத்துட்டு வந்து என்னக் கத்துது."

"சீனி என்னா பண்றா?"

துளசி தண்ணீர் கப்பின் மூடியைத் திருகிக்கொண்டே, "தூங்குறா" என்றாள்.

"எங்க?"

"ஒங்க கால்லதான். வேற எங்க தூங்கும்?"

அவர் முகம் மலர்ந்தது. வெடித்துப்போன உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார். "இந்தக் காலுக்கும் ஒன்னு செஞ்சு குடுப்பாங்க இல்ல. அத கிச்சாப்புக்குக் குடுத்துரு. அவனுக்கும் ஒரு வீடு ஆச்சு."

துளசி சிரித்தாள். வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கும்போதெல்லாம் சீனி சாப்பிட்டது, சீனி பல்லியைத் துரத்தியது, சீனி துணிக் கூடையில் மூத்திரம் போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இல்லாத பூனையின் சேட்டைகளை மோட்டாரில் வரும்போதே யோசித்துக்கொண்டு வருவாள். கேட்டுக்கொண்டே கண்ணை மூடிக்கொள்வார். சிறுநீரகம் நின்றுபோய் ஒரு காலைப் பொழுதில் அவர் இறந்தார். முந்தைய நாள் துளசி சொன்ன கதையில் சீனி பால் டின்னைக் கவிழ்த்திருந்தது.

ஈமச்சடங்கு முடிந்த மறுநாள் தினேஸ்வரி வெடித்தாள். "அந்தப் பூனைதான்மா அப்பாவக் கொன்னுச்சு."

"பூனைக்கு என்னா தெரியும்? அது வெளையாடுச்சு" என்றாள் துளசி. "வாடைய எலின்னு நெனச்சவ நானு."

தினேஸ்வரி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

துளசி லகாட் பாசாருக்குத் திரும்பவும் போனாள். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் குனிந்து, "சீனி, சீனி" என்று கூப்பிட்டாள். மீன்காரர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வெள்ளைப் பூனையா, எத்தனையோ வரும் போகும் என்றார். பிறகும் சில நாள் போனாள். அது கிடைக்கவில்லை.

கருமாதியன்று படையல் போட்டார்கள். உயிரோடிருந்தபோது அவருக்கு மறுத்த இனிப்பெல்லாம் இலையில் வந்தது. கேசரி, லட்டு, பால் தடிப்பாய் ஊற்றிய தேத்தண்ணி. நடுவில் பொரித்த கெம்போங் மீன் இரண்டு, பக்கத்தில் ஒரு கிளாஸ் ஸ்டவுட் பீர். சூடம் காட்டி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். திறந்தபோது இலையில் ஒரு மீன் இல்லை.

சன்னாசியின் அக்கா முத்தம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "என் தம்பி வந்துட்டான்! வந்து சாப்ட்டான் பாருங்க! மீனு எடுத்துருக்கான் பாருங்க!" பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். தினேஸ்வரியும் அழுதாள்.

துளசிக்கு அலமாரியின் இடுக்கில் ஒரு கறுப்பு வால் தெரிந்தது. உள்ளே எலும்பு நொறுங்கும் சத்தமும் மெல்லக் கேட்டது. யாரும் பார்த்துவிடாதபடி அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. முத்தம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு, "அழுதுரு தாயி, அழுதுரு" என்றார்.

கிச்சாப் தின்று முடிக்கும்வரை துளசி அங்கிருந்து நகரவில்லை.