ஏழு கண்ணாடியும் ஒரு புள்ளியும்

காசிலிங்கம் சாரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. என்னை நினைத்தாலும்தான்.

செல்வராணி எங்கள் பள்ளிக்கூடத்து லேப் அசிஸ்டென்ட். வேம்பாரிலிருந்து தினமும் தூத்துக்குடிக்கு பஸ்ஸில் வருவாள். விண்வெளியில் இருக்கும் பெரிய தொலைநோக்கியைப் போல ஒரு மாதிரியைத் தானே செய்தாள். அறுகோணக் கண்ணாடி ஏழு, ஒவ்வொன்றின் முதுகிலும் மூன்று திருகாணி. சரியாகத் திருகினால் ஏழிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரில் ஒரே புள்ளியாக விழும். வெயில் ஏறினால் கலைந்துவிடும். அதனால் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் திருகுவாள்.

"மேல இருக்க தொலைநோக்கியவும் ரெண்டு நாளைக்கு ஒருக்க பாத்துச் சரி பண்ணுதாங்க டீச்சர். விட்டா படம் மங்கிரும்" என்பாள். அந்த மாதிரி மாவட்டக் கண்காட்சியில் தேர்வாக வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்தே வைத்திருந்தாள்.

ஆயுத பூஜையன்று லேபில் எல்லாவற்றுக்கும் பொட்டு. கண்ணாடிகளை மட்டும் துணி போட்டு மூடி, "இதைத் தொட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கப் போனாள். இயற்பியல் வாத்தியார் காசிலிங்கம் போட்டோவுக்காகத் துணியை விலக்கி, ஏழுக்கும் சந்தனம் வைத்தார். பிறகு பயம் வந்து, வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தார். கண்ணாடிப் பூச்சு கீறிப்போனது, திருகாணிகள் ஆடிப்போயின. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நான், அவள் திரும்பி வந்தபோதும் வாசலில்தான் நின்றேன்.

அவர் வேட்டியில் சந்தனம் இருந்தது. "பொட்டு இருந்தா வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஏன் சார் துடைச்சீங்க?" என்றாள்.

"நான் தொடவே இல்ல. இவ கைதான் சரியில்ல. இனி இவ அதுகிட்ட போகக் கூடாது" என்று எச்.எம்.மிடம் வாய் கூசாமல் சொன்னார் அந்த மனுஷன். எச்.எம். என்னைப் பார்த்தார். காசிலிங்கம் தாளாளருக்குச் சொந்தக்காரர். நான் வாயைத் திறக்கவில்லை.

கண்காட்சியில் ஏழு புள்ளியும் ஏழு பக்கம் கிடந்தன. நடுவர்கள் முன்னால் காசிலிங்கம் திருகத் திருக இன்னும் விலகி ஓடின.

"ராணி, இங்கன வந்து பாரு."

"நான் கிட்ட போகக் கூடாதுன்னு சொன்னீங்கள்லா சார்."

நடுவர்கள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு அவள் உட்கார்ந்து திருகினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஏழும் ஒன்றாகச் சேர்ந்தன, கீறலால் சற்று மங்கலாக.

"நல்லா வந்திருக்கு ராணி" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "அன்னைக்கும் இப்படிப் பாத்துக்கிட்டுத்தான டீச்சர் நின்னீங்க" என்றாள்.