கால்வாய்க் கரைக்குக் குடிபோன கதை

நனைந்த சாம்பல் வாசனை... இவர் சட்டையோடு வீட்டுக்கு வந்தது. இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் கணவர் தி.நகரில் ஒரு சர்ச்சில் உதவி பாஸ்டர். வளாகத்திலேயே குவார்ட்டர்ஸ். குழாயைத் திறந்தால் தண்ணீர்... அன்றைய மெட்ராஸில் அதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கு அப்போது ஏழாம் மாதம்.

ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் கால்வாய்க் கரையில் குடிசைகள் எரிந்துபோயின. சபையார் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலங்களோடு இவர் ஸ்கூட்டரில் போனார். அங்கே மீன் விற்கும் முனியம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"சோறு நெறைய பேர் குட்த்துட்டாங்க நைனா. எம் பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்குது. அதாண்ட கொஞ்ச நேரம் குந்திக்கினு இரு..."

மகள் பெயர் செல்வி. தூளியில் தூங்கிய அவள் கைக்குழந்தையைத் தீயிலிருந்து எடுக்க முடியவில்லை.

இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவருக்கு அன்று ஜெபம்கூட வாயில் வரவில்லை. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும்...

ஒரு நாள் காலை, காபி ஆறிக்கொண்டிருக்க, "கிரேஸ், நாம அங்கயே போயிடலாமா? ஆண்டவர் கூப்பிடறார்னு தோணுது" என்றார்.

"பிறக்கப்போற குழந்தைய எங்க போடறது? அந்தக் கொசுவுக்கு நடுவுலயா?"

இவர் ஆறிய காபியை எடுத்துக் குடித்தார்.

"கூப்பிடறது ஆண்டவர்னா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றேன்.

கோபம் தீராமல்தான் மறுநாள் அவரோடு ஸ்கூட்டரில் ஏறினேன். கரை முழுக்க நீலத் தார்ப்பாய்கள். ஒன்றின் உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு செல்வி. என் வயதுதான் இருக்கும். நானும் தரையில் உட்காரப் போனேன். வயிறு இடிக்க, தடுமாறிவிட்டேன். சட்டென்று அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"பாத்துக்கா... எத்தினி மாசம்?"

வாசலில் நின்ற முனியம்மா மீன்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். செல்வி என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள். தீப்பிடித்த நாளிலிருந்து அவள் அழுததே இல்லையாம்.

திரும்பும் வழியில் நந்தனம் சிக்னல். இவர் காதருகே சொன்னேன்: "வாடகைக்கு வீடு பாருங்க. கொசுவலையும் வாங்கிடுங்க."

பச்சை விழுந்தும் இவர் வண்டியை எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஆட்டோக்காரர் கத்தினார்...

"யோவ், வூட்ல சொல்ட்டு வன்ட்டியா?"

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

கரையிலேயே ஒற்றை அறை, தகரக் கூரை. ஞாயிறு ஆராதனை தார்ப்பாய்க்குக் கீழே. மற்ற நாட்களில் இவருக்கு ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், ரேஷன் ஆபீஸ்... யாருக்காவது துணையாகப் போய்க்கொண்டே இருப்பார். நெற்றியில் அம்மன் குங்குமத்தோடு செல்வி கடைசி வரிசையில் வந்து உட்காருவாள். அவள் சபையில் சேரவில்லை. இவரும் சேரச் சொல்லவில்லை. என் மகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியதெல்லாம் அவள்தான். முதல் நாள் மட்டும், துவட்டிய பிறகும் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை...

இப்போது அந்தக் கரையில் பறக்கும் ரயில் தூண்கள்தான். குடிசையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டார்கள். நாங்களும் அடையாறில் லிஃப்ட் வைத்த பிளாட்டில். இவருக்கு முழங்கால் வலி, வெளியே அதிகம் போவதில்லை.

அப்போதெல்லாம் பக்கத்து வீடு. சுவரைத் தட்டினால் போதும், செல்வி வந்து நிற்பாள். போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு பஸ் மாறி வந்தாள். நாலு மணிக்கே கிளம்பவும் வேண்டியிருந்தது.

"இருட்டிடுச்சுன்னா அங்க பஸ் கெடிக்காதுக்கா..."

லிஃப்ட் கதவு மூடிய பிறகும் இவர் வாசலிலேயே நின்றார். பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். எங்கள் பிளாட்டிலிருந்து பஸ் ஸ்டாப் தெரியாது.