சுடலைமாடத்தி போட்ட அட்டை

என் அக்காவின் முழுப்பெயரைச் சொன்னால் திருவனந்தபுரத்தில் பாதிப் பேர் ஓர் அடி பின்னால் நகர்வார்கள். சுடலைமாடத்தி. எங்களுக்கு அது குலசாமி பெயர். மலையாளத்துக்காரர்களுக்குச் சுடலை என்றால் சுடுகாடு மட்டும்தான். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்தவளுக்கு அம்மா ஆசையாக வைத்த பெயர். வித்துராவில் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே, வரிசையாகப் பெயர் வாசித்துக்கொண்டு வந்த வாத்தியார் அவளிடம் வந்ததும் தடுக்கி நின்றார். வகுப்பு சிரித்தது. அவள் எட்டாவதோடு நிற்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தது. அவள் நடந்து வந்தால் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "புகை வருது, புகை வருது" என்பார்களாம். அக்கா பெயரை மாற்றச் சொல்லி ஒரு நாளும் வீட்டில் அழவில்லை. பொத்திய மூக்குகளின் சோற்றுப் பாத்திரத்தில் மாட்டுச் சாணம் வைத்தாள். எனக்குத் தெரிந்த வித்தைகளில் முக்கால்வாசி அவளிடம் படித்ததுதான்.

அப்பா சொரிமுத்து பழைய கட்டடம் இடிக்கிற வேலைக்கு நகரத்துக்கு இறங்கியபோது நாங்களும் இறங்கினோம். சாலைக் கம்போளச் சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறை. அக்காவுக்குக் கரமனையில் அனந்தலக்ஷ்மி அச்சகத்தில் வேலை கிடைத்தது. வாசலில் உட்கார்ந்து காகிதப் பை ஒட்டுகிற வேலை. உள்ளே ஜன்னலோரம் ஒரு சாய்மேசை. அதில்தான் படம் வெட்டுகிற ஆள் உட்காருவார். அவர் வெட்டித் தந்த படத்தைத் துணி கட்டிய சட்டத்தில் ஒட்டி, மேலே மை ஊற்றி, ரப்பர் பலகையால் ஓர் இழுப்பு இழுத்தால் கீழே தாளில் படம் விழும். ஒரு கலருக்கு ஓர் இழுப்பு. அக்கா பை ஒட்டிக்கொண்டே அந்த மேசையைப் பார்த்தபடி இருப்பாள். கல்யாண வீட்டில் பாயசத்தைப் பார்ப்பதுபோல.

படம் வெட்டுகிற ஆள் ஒரு நாள் துபாய்க்குப் போய்விட்டார். அச்சக முதலாளி ஸ்ரீகண்டன் சார் வேறு ஆள் தேடினார். அதுவரைக்கும் சின்னச் சின்ன எழுத்து வெட்ட அக்காவை மேசையில் உட்கார விட்டார். உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை.

இது போன வருஷம், எண்பத்து மூன்றில். நானும் என் கூட்டாளி சத்தியதாஸும் ஒரு பத்திரிகை ஆரம்பித்தோம். சத்தியதாஸ் நெய்யாற்றின்கரைக்காரன். கிட்டார் வாசிப்பான், காலேஜில் படிக்கிறான். நான் ஒன்பதாவது பெயில். அதனால் எனக்கு ஆசிரியர் பதவி, அவனுக்கு எழுதுகிற வேலை. கப்பலில் வேலை பார்க்கும் அவன் மாமா கொண்டுவரும் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு ராக் பாட்டுப் பைத்தியம் பிடித்த பையன்கள் ஊரில் நிறைய. அவர்களுக்கென்று மலையாளத்தில் ஒரு பத்திரிகை. பழைய சீப்பை வெட்டிக் கிட்டார் தந்தி மீட்டுகிற வில்லை செய்வது எப்படி என்பதுவரை அதில் உண்டு.

பெயர்தான் கிடைக்கவில்லை. நான் கேலிக்குச் சொன்னேன்: "ராக்குன்னா பாறைதானலே? பாறைன்னே வச்சிரு." சத்தியதாஸ் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்து, "எடா, அதுதான் பேரு" என்றான். மலையாளத்தில் 'பாற'.

அட்டையை அக்காதான் போட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். இருவரும் அச்சகத்துக்குப் போனோம். உள்ளே மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தியதாஸ் அக்காவின் காதருகில் பெயரைக் கத்தினான். கூடவே ஒரு படமும் கேட்டான்.

"சேச்சி, செவப்பில் ஒரு மின்னல் வேணும். வெளிநாட்டு மாகசினிலெல்லாம் உண்டு."

"கரண்டு கம்பத்துலதாம்லே மின்னல் போட்டிருப்பான். கீழ மண்டையோடும் போடவா?"

"அய்யோ, மண்டையோடு நல்லா இருக்கும் சேச்சி!"

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு காலேஜ் வாசலில் நின்றாள். பையன்கள் போவதையும் வருவதையும் பார்த்தாள். எவனாவது விசில் அடித்தால் திரும்பி அதைவிடப் பெரிதாக விசில் அடித்தாள். கடைசியில் சொன்னாள்:

"ஒருத்தனும் புஸ்தகத்த விரிச்சிப் பிடிக்கலையேலே. எல்லாவனும் சுருட்டிப் பின்பாக்கெட்ல சொருகுதான். அப்ப சுருட்டுனா என்ன தெரியும்னு பாத்துல்லா அட்டை போடணும்?"

அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. அட்டையில் அவள் பெயர் வர வேண்டும். முழுசாக. ஸ்ரீகண்டன் சார் அதைக் கேட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுடலைன்னு என் பிரஸ்லேர்ந்து அச்சடிச்சு வந்தா, நாளைக்கு எவன் கல்யாணப் பத்திரிகை அடிக்க இந்தப் படியேறுவான்? மாலதின்னு போட்டுக்கோயேன். லக்ஷணமா இருக்கு."

"மாலதி யாரு சாமி? வரச் சொல்லுங்க, அவளே வெட்டட்டும்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "திங்கக்கிழமை புது ஆள் வரான். அதுக்குள்ள இந்த அட்டையை நன்னாப் பண்ணிட்டா உன்னை மேசையில வெச்சுக்கறதா யோசிக்கறேன். இல்லேன்னா வாசல்ல பைதான். கேட்டியோ?" என்றார். பெயரைப் பற்றிச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஹாலில் சத்தியதாஸின் பாட்டுக்குழு வாசிக்கிறது. அங்கேதான் பத்திரிகை வெளியீடு. வெள்ளிக்கிழமை காலைக்குள் கறுப்பு இழுப்பு முழுக்க முடிந்துவிட்டது. சிவப்பு மட்டும் பாக்கி. கயிற்றில் வரிசையாகத் தொங்கிய அட்டைகளில் எழுத்து இரும்பில் அடித்ததுபோல நின்றது. சத்தியதாஸ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். நானும் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்க யாருக்குத் தோன்றும்?

ஸ்ரீகண்டன் சாருக்குத் தோன்றியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"அம்பி, உன் பத்திரிகைக்கு என்ன பேர் சொன்னே?"

"பாற, சார்" என்றான் சத்தியதாஸ்.

"இங்கே கடப்பாரைன்னா எழுதியிருக்கு!"

மலையாளத்திலும் நம் சின்ன ர, பெரிய ற மாதிரியே இரண்டு எழுத்து உண்டு. பெரியதைப் போட்டால் பாறை. சின்னதைப் போட்டால் கடப்பாரை. அதோடு போனால் பரவாயில்லை. கூட இருந்தே ஒருத்தனுக்குக் குழி பறித்தால், அவனுக்குப் 'பார வைத்துவிட்டான்' என்பது இந்த ஊர்ப் பையன்களின் பேச்சு. ஆக, எங்கள் பத்திரிகையின் பெயர் ஏறக்குறைய 'குழிபறிப்பு'.

சத்தியதாஸ் தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "எந்தா சேச்சி இது? எனக்குத் தானே பார வெச்சீங்க!"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. "நீ மிஷின் சத்தத்துல கத்துன. எனக்குப் பாரைன்னுதான் கேட்டுது. எங்கப்பா கையில இருக்கறதும் பாரைதான? பாட்டுப் புஸ்தகத்துக்குக் கடப்பாரைன்னு பேர் வச்சிருக்கானுவளே, வெவரமான பயலுவன்னுல்லா நெனச்சேன்!"

ஸ்ரீகண்டன் சார் கையை உதறினார். அந்தக் கனத்த அட்டைத்தாள் இனிமேல் கிடைக்காது. அட்டை இல்லாமலே பத்திரிகையைத் தைத்துத் தருவதாகச் சொன்னார். பிறகு அக்காவைப் பார்க்காமலே, "நீ எழுந்து வாசலுக்குப் போம்மா" என்றார்.

அக்கா எழுந்தாள். வாசலுக்குப் போகவில்லை. சத்தியதாஸ் முன்னால் போய்க் குந்தினாள்.

"ஏலே, நீ பாட்டுக்காரன்தான? சொல்லு. பாறை என்ன செய்யும்? சும்மா கெடக்கும். பாரைய எடுத்து ஓங்கி ஒண்ணு போட்டாத்தானலே சத்தம் வரும்?"

சத்தியதாஸ் தலையிலிருந்து கையை எடுத்தான். 'சத்தம்' என்ற சொல் அவனுக்குள் எங்கேயோ போய் இடித்தது என்று நினைக்கிறேன். கயிற்றில் தொங்கியதை மறுபடி பார்த்தான். உதடு அசைந்தது. "பாறை பிளக்க ஒரு பார" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். இன்னொரு தடவை கொஞ்சம் ராகத்தோடு சொன்னான்.

"அத அடியில எழுதிருவோம்" என்றாள் அக்கா. வெட்டி வைத்திருந்த மின்னலைக் கசக்கி எறிந்தாள்.

நேரே அப்பா வேலை செய்கிற இடத்துக்குப் போனோம். பாதி இடிந்த சுவர்மேல் அப்பா நின்றிருந்தார். அக்கா கடப்பாரையை வாங்கித் தரையில் கிடத்தி, பழைய செய்தித்தாளை நீளமாக ஒட்டி, அதன்மேல் பென்சிலால் கோடு இழுத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"அளவெடுக்கேம்ப்பா."

"அதுக்குச் சட்டையா தைக்கப் போற?" என்றார் அப்பா. ஆனால் அவள் எழுந்ததும் கடப்பாரையைத் தூக்கி ஒரு கருங்கல்லில் செங்குத்தாகப் போட்டுக் காட்டினார். ணங் என்று மணிபோல அது நெடுநேரம் அதிர்ந்தது. "இதையும் எழுதிக்க" என்றார்.

மத்தியானம் முழுக்க அக்கா வெட்டினாள். அட்டையை விரித்தால் முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவே மடிப்பு வரும் இடத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கடப்பாரை. தட்டையான முனையில் கிட்டார் முறுக்காணிகள். உடம்பெல்லாம் ஆறு தந்தி. பத்திரிகையைத் திறக்கிற பக்கத்திலிருந்து சுருட்டினால் மடிப்புத்தான் வெளியே வரும். அப்போது வேறெதுவும் தெரியாது. கையில் இருப்பது ஒரு சிவப்புக் கடப்பாரை.

முதல் சிவப்பு இழுப்பு விழுந்ததும் ஸ்ரீகண்டன் சார் வந்து குனிந்தார். தந்திகளுக்குக் கீழே, சிவப்புக்குள் வெள்ளையாக, மலையாள எழுத்தில் சுடலைமாடத்தி.

"பேரை எடுத்துடு."

"எடுத்தா பாரை ரெண்டா ஒடிஞ்சிரும் சாமி. பேரு அதுக்கு உள்ளல்லா இருக்கு. திரும்ப முழுசா வெட்டணும். நாளைக்குச் சனிக்கிழமை."

அவர் அவளைப் பார்த்தார். அவள் ரப்பர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் எனக்கு அடி வாங்கிக் கொடுத்துவிட்டு எதுவுமே நடக்காததுபோல நிற்பாளே, அந்த முகம்.

"திங்கக்கிழமை பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. வாசலில் மேசை போட்டு விற்றோம். வாங்கிய ஒவ்வொருத்தனும் பெயரை வாசித்தான், "பாரயோ!" என்று சிரித்தான், கீழே இருந்த வரியை வாசித்தான், பக்கத்தில் இருந்தவன் தோளில் அடித்தான். பிறகு அக்கா சொன்னதுபோலவே சுருட்டினான். என்னிடம் ஒரு மீசை முளைக்காதவன் கேட்டான்: "சுடலமாடத்தி ஏது பேண்டாடா?"

எனக்குப் பொய் சொல்லும்போதுதான் மூளை நன்றாக வேலை செய்யும். "தெரியாதா? போனக்காட்டுப் பேண்டு. மலையிலேருந்து இன்னைக்கு மட்டும் இறங்கி வந்திருக்கு. கடைசியில வாசிக்கும். யாருக்கும் சொல்லாதே."

அவன் எல்லோருக்கும் சொன்னான்.

மேடையில் சத்தியதாஸ் குழு முதல் பாட்டை எடுத்தது. டிரம் விழ விழ, பையன்கள் சுருட்டிய பத்திரிகையால் முன்நாற்காலி முதுகில் தாளம் போட்டார்கள். ஹால் முழுக்கச் சிவப்புக் கடப்பாரை ஏறி இறங்கியது. ஒவ்வொன்றிலும் அவள் பெயர். மூன்றாவது பாட்டு முடிந்ததும் பின்வரிசையில் எவனோ ஆரம்பித்தான்: "சுடல! மாடத்தி! சுடல! மாடத்தி!" அடுத்த நொடியில் கூரை அதிர்ந்தது.

சத்தியதாஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். என்னைத் தேடினான். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. "அது பேண்டல்ல! எங்க அட்டைப் படம் வரைஞ்ச சேச்சி! தா, அவிடெ நிக்குது!"

எல்லாத் தலையும் திரும்பியது. அக்கா கதவோரம் நின்றிருந்தாள். முழங்கைவரை சிவப்பு மை. அவள் ஓடிவிடுவாள் என்று ஒரு கணம் பயந்தேன். அந்தப் பெயரை இத்தனை பேர் சேர்ந்து கத்தி அவள் கேட்டது அதற்கு முன்னால் வித்துரா வகுப்பில்தான். ஆனால் இவர்கள் மூக்கைப் பொத்தவில்லை. வழிவிட்டார்கள். அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவழியாக நடந்து மேடையேறினாள். ஓர் அட்டையை இரண்டு கையாலும் விரித்துத் தலைக்குமேல் பிடித்தாள். சத்தம் அடங்கவே இல்லை. பிறகு மைக்கில் வாயை ஒட்டவைத்து, அவளுக்குத் தெரிந்த மலையாளமும் தமிழும் கலந்து சொன்னாள்:

"சுருட்டினது மதி, போதும். உள்ளயும் கொஞ்சம் வாயிங்க, மக்களே."

நாற்காலிகள் என்ன பாடு பட்டன என்று ஹால்காரர் பிறகு எங்களுக்கு விளக்கமாகச் சொன்னார். கடைசி வரிசை ஓரத்தில் ஸ்ரீகண்டன் சார் இரண்டு காதிலும் பஞ்சோடு நின்றிருந்தார். ஒரு பஞ்சை எடுத்துக் கையில் வைத்திருந்தார். கண்ணைத் துடைத்தேன் என்று யாராவது என்னைப் பற்றிச் சொன்னால் நம்ப வேண்டாம், ஹாலில் ஒரே தூசி.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். புது ஆள் டிபன் கேரியரோடு வாசலில் காத்திருந்தார். அக்கா அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராகச் சாய்மேசையில் போய் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை.

ஸ்ரீகண்டன் சார் வந்தார். மேசையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "ஓய், மன்னிச்சுக்கணும். மேசை காலியில்லே" என்று அந்த ஆளை அனுப்பிவைத்தார். அக்காவை அதுவரை அவர் 'பொண்ணே' என்பார், 'ஏம்மா' என்பார். அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுடலைமாடத்தி."

"என்ன சாமி?"

"செவப்பு மை தீர்ந்துபோச்சு."

"ரெண்டு டின்னா வாங்குங்க" என்றாள் அக்கா. கத்தி நிற்கவில்லை.