கல்லோடு வந்தவை

என் மனைவி வீட்டை விட்டுப் போனபோது இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டாள். கடல்நீர்த் தொட்டியை என்னிடம் விட்டுவிட்டாள். செம்பூர் திலக் நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஃப்ளாட்டின் ஹாலில் பாதியை அந்தத் தொட்டிதான் அடைத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த பவளங்களும் இரண்டு ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்களும் அவள் வளர்த்தவை. கல்யாணில் அவள் அண்ணன் வீட்டில் அவ்வளவு பெரிய தொட்டிக்கு இடம் இல்லை.

"யாராவது வாங்கிக்கற வரைக்கும் பாத்துக்கோ. தண்ணி குறைஞ்சா ஆர்.ஓ. தண்ணி விடு, உப்புத் தண்ணி விடாதே," என்றாள். சரி என்றேன்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. "உன்கிட்ட பேசினா சுவத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு," என்று முன்பே சொல்லியிருந்தாள். அவள் ஆட்டோ ஏறிப் போனதும் மேலே வந்து, குக்கரில் மிச்சமிருந்த சாதத்தில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மறுநாள் ஆபீசுக்குப் போனேன்.

போவதற்குச் சில நாள் முன்புதான் அவள் கடலிலிருந்து எடுத்த கல் ஒன்றை வாங்கித் தொட்டியில் வைத்திருந்தாள். அப்படிப்பட்ட கல்லின் பொந்துகளில் ஏதாவது உயிர் ஒளிந்து வந்துவிடும். டிக்கெட் இல்லாமல் ரயிலேறுகிறவர்களைச் சொல்வதுபோல அவற்றை அவள் 'வித்தவுட்' என்பாள்.

முதலில் கல்லின் உச்சியில் நகக்கண் அளவுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு பூ தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன். அவள் போன பிறகு நான் அனுப்பிய முதல் செய்தி அது. உடனே போன் வந்தது.

"அது பூ இல்லை, ஏப்டேசியான்னு ஒரு கடல் பிராணி. பவளத்தையெல்லாம் கொட்டிக் கொன்னுடும். பிடுங்கிடலையே?"

"இல்லை."

"பிடுங்காதே. ஒரு துணுக்கு விட்டுப்போனாலும் திரும்ப முளைக்கும். சுண்ணாம்பைக் குழைச்சு, சிரிஞ்சால அது வாய் மேல விடு. பான் கடைச் சுண்ணாம்பு இல்லை. கீழ் ஷெல்ஃப்ல டப்பா இருக்கு."

சொன்னபடி செய்தேன். அடுத்து, பூரான் மாதிரி ஒரு புழு, இரண்டு பக்கமும் வெள்ளை மயிரோடு வந்தது. "அது நல்லது, மிச்சம் மீதியைத் தின்னும். வெறுங்கையால தொடாதே, முள் ஏறிடும்," என்றாள். சாப்பிட்டாயா என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு சத்தம் கேட்க ஆரம்பித்தது. வீடு துடைக்க வரும் அம்மாள்தான் முதலில் கேட்டாள். "சாப், காஞ்ச் டூட் ரஹா ஹை க்யா?" என்று, கண்ணாடி உடைகிறதோ என்ற பயத்தில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். கண்ணாடியைத் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை. உள்ளேயிருந்து 'டக்' என்று மறுபடி கேட்டது. மணலில் ஒரு நத்தை ஓடு உடைந்து கிடந்தது. இரண்டொரு நாளில் கோமாளி மீன்களில் ஒன்றைக் காணோம்.

"எது போச்சு?" என்று போனில் என் மனைவி கேட்டாள்.

"தெரியலை. ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருந்தது."

"இல்லை. ஒண்ணுக்கு நடு வெள்ளைக்கோடு பாதியிலேயே நின்னுடும்."

மூலையில் ஒண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கோடு முழுசாக இருந்தது. சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"சத்தம் போடறதுல ரெண்டு வகை இருக்கு. ஒரு கொடுக்கு மட்டும் பெரிசா இருந்தா பிஸ்டல் இறால். அது மீனை ஒண்ணும் பண்ணாது. கண்ணைப் பாரு. காம்பு மேல நின்னுண்டு, ரெண்டும் தனித்தனியா சுத்தித்துன்னா மான்டிஸ் இறால். அதுதான் அடிச்சுக் கொல்லும்."

சனிக்கிழமை மத்தியானம் முழுக்கத் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு பொந்தின் வாயில் இரண்டு கண்கள் எழும்பின. ஒன்று மீனைப் பார்த்தது, மற்றது என்னைப் பார்த்தது.

"தனித்தனியா சுத்தறது," என்றேன் போனில்.

"ச்சலோ, நாளைக்கு வரேன்."

சாவி வைத்திருந்தும் அவள் பெல் அடித்தாள். கல்லைத் தூக்கி பக்கெட்டுக்கு மேல் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். சிரிஞ்சில் சோடா நிரப்பி, பொந்துக்குள் பீய்ச்சினாள். இரண்டாம் தடவை அது வழுக்கி விழுந்தது. விரல் நீளம், பச்சை உடம்பு.

"அரே, எவ்ளோ அழகு பாரேன்!" என்று சிரித்தாள்.

அழகாகத்தான் இருந்தது. அது எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"கொன்னுடலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அது என்ன நம்மளைக் கேட்டுண்டா வந்தது? தனியா வெச்சா யாரையும் ஒண்ணும் பண்ணாது. அண்ணா ஆத்துல சின்னத் தொட்டிக்கு இடம் இருக்கு."

கடல்நீர் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் அதை விட்டு மூடினாள். டீ போடட்டுமா என்றேன். வேண்டாம், ரயிலில் கூட்டமாகிவிடும் என்றாள். டப்பாவைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஆட்டோவில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து தேவ்நாரிலிருந்து ஒருவர் வந்து தொட்டியை, மீனும் பவளமுமாக வாங்கிக்கொண்டு போனார். பம்பின் உறுமல் நின்றதும் ஹால் பெரிதாகத் தெரிந்தது. அங்கே எதையும் வைக்கவில்லை.

விவாகரத்து நாளன்று கோர்ட்டில் எங்கள் முறைக்காக பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் காத்திருந்தோம். மான்டிஸ் ஓடு உரித்த படத்தை அவள் காட்டினாள். முன்னைவிடப் பெரிதாகிவிட்டது என்றாள். நண்டு போட்டால் எப்படி உடைக்கிறது என்று கையை மடக்கிக் காட்டினாள். எங்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்ததும் அவள் ஸ்டேஷனுக்கு நடந்தாள். நான் அரை நாள்தான் லீவு சொல்லியிருந்தேன்.